பரணில் கிடக்கும் டிவி கேசட்டுகள்: கச்சேரியும் நாட்டியமும் பூஞ்சைக்குப் போகாமல் எடுப்பது எப்படி

தஞ்சாவூர், கும்பகோணம், மாயவரம், திருவாரூர் பக்கத்து வீடுகளில் பரணைத் துழாவினால் இன்னும் வி.எச்.எஸ். கேசட்டுகள் கிடைக்கின்றன. கல்யாண கேசட்டுகள்தான் அதிகம். அவற்றுக்கு நடுவே, முதுகில் பேனாவால் ‘ஆராதனை’, ‘நாயனம் - டிவி’, ‘டெல்லி டான்ஸ்’ என்று எழுதிய ஒன்றிரண்டும் இருக்கும். 1980-களில் சிங்கப்பூரிலிருந்தோ வளைகுடாவிலிருந்தோ வந்த வி.சி.ஆரில் (கேசட்டில் பதியவும் ஓட்டவும் உதவும் மெஷின்), வீட்டிலிருந்த ரசிகர் ஒருவர் தூர்தர்ஷனில் ஓடியதை அப்படியே பதிந்து வைத்தவை அவை. அவற்றைத்தான் முதலில் காப்பாற்ற வேண்டும். நிலையங்களில் அந்தக் காலத்தில் டேப் விலை அதிகம். பழையதை அழித்துவிட்டு அதன் மேலேயே பதிவது உலகெங்கும் நடந்தது. நிலையத்தில் இல்லாத நிகழ்ச்சி உங்கள் பரணில் இருக்க வாய்ப்பு உண்டு.

வேலையில் இறங்குமுன் ஒன்று. இந்தக் கேசட்டைக் கணினிக்கு மாற்றுகிறவர்களில் பலர் பாட்டை மட்டும் வெட்டி எடுத்துக்கொண்டு மீதியை விட்டுவிடுகிறார்கள். அந்த மீதியில்தான் விஷயம் இருக்கிறது. சபா வாசலை மிதிக்காதவர்களுக்கும் புரியவேண்டும் என்று செய்த நிகழ்ச்சிகள் அவை. அறிவிப்பாளர் வந்து, வரப்போகும் ராகம் எது, இந்த முத்திரை எதைக் காட்டுகிறது, தவிலின் வலந்தலையில் (வலப்பக்கத்தில்) ஏன் விரலுக்குக் கூடு போடுகிறார்கள் என்று நிதானமாகச் சொல்வார். கேமரா கையருகே போய் நிற்கும். பாட்டு வேறு ஒலிநாடாவில் கிடைக்கலாம். அந்த விளக்கமும் அந்த நெருக்கக் காட்சியும் வேறெங்கும் கிடைக்காது. ஆகவே கேசட்டின் முதல் நொடியிலிருந்து கடைசி நொடிவரை, விளம்பரம், ‘தடங்கலுக்கு வருந்துகிறோம்’ அட்டை உட்பட, எதையும் வெட்டாமல் எடுங்கள்.

வி.சி.ஆருக்குள் போடுமுன்

கேசட்டின் முதுகுப் பக்கத்து இடது ஓரத்தில் சின்னப் பிளாஸ்டிக் காது ஒன்று இருக்கும். அதை ஸ்குரூடிரைவரால் உடைத்து எடுத்துவிடுங்கள். அது இருக்கும்வரை, கை தவறி ரெக்கார்டு பொத்தானில் பட்டாலும் பழைய பதிவு அழிந்துபோகும். ஏற்கெனவே உடைத்து, மேலே செலோடேப் ஒட்டியிருந்தால் அதை உரித்துவிடுங்கள். யாரோ ஒருகாலத்தில் மேலே எதையோ பதிந்திருக்கிறார்கள் என்பதற்கு அது அடையாளம்; நாட்டியத்துக்கு நடுவே திடீரென்று கிரிக்கெட் வந்தால் திகைக்க வேண்டாம்.

அளவையும் பாருங்கள். வி.எச்.எஸ். கேசட் ஏறக்குறைய 19 செ.மீ. நீளம், 10 செ.மீ. அகலம். அதைவிடச் சின்னதாக 15.6 செ.மீ. நீளத்தில் இருந்தால் பீட்டாமேக்ஸ். அதற்குத் தனி மெஷின் வேண்டும், வி.எச்.எஸ். மெஷினில் திணிக்கக் கூடாது. கல்லூரி ஆடியோ விஷுவல் அறைகளிலிருந்து வருகிற, புத்தகம் போலத் தடித்த பெரிய கேசட் யூமேட்டிக். அதை வீட்டில் தொடவேண்டாம். அந்த மெஷினை வைத்துப் பராமரிக்கிற தொழில்முறை ஆட்களிடம் கொடுங்கள்.

பிறகு வெளிச்சத்தில் பிடித்து ஜன்னல் வழியே டேப் சுற்றைப் பாருங்கள். நல்ல டேப் சீராக, கறுப்பாகப் பளபளக்கும். சுற்றின் மேல் விளிம்பில் வெள்ளைப் பொடி, சிலந்தி நூல் போன்ற படலம், திட்டுத் திட்டான மங்கல் தெரிந்தால் பூஞ்சை. காவிரி டெல்டாவில் இதுதான் முதல் எதிரி. ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் வீட்டுக்குள் ஈரம் வாரக்கணக்கில் வடியாது. ஓட்டு வீட்டுப் பரணில் ஓதம் ஏறி ஏறி டேப்பின் மேல் பூச்சை ஒட்டவைக்கும் பசையில் பூஞ்சை வளரும். அந்தக் கேசட்டை அப்படியே ஓட்டினால் மூன்று கெடுதல் நடக்கும்: டேப்பைப் படிக்கும் ஹெட்டில் பூஞ்சை அடைத்துப் படம் பனி கொட்டும், ஒட்டிக்கொண்ட சுற்று பிரியும்போது டேப் கிழியும், அடுத்து அதே மெஷினில் போடுகிற நல்ல கேசட்டுக்கும் பூஞ்சை ஒட்டும்.

பூஞ்சை ஈரமாக இருக்கும்போது துடைத்தால் தேய்த்துப் பூசியதாகிவிடும். முதலில் காயவைக்க வேண்டும். காற்றுப் புகாத பிளாஸ்டிக் டப்பாவில் கேசட்டுகளை நிற்கவைத்து, கேசட் ஒன்றுக்குச் சுமார் 100 கிராம், ஈரத்தை உறிஞ்சும் சிலிக்கா ஜெல் மணிகளைப் போட்டு மூடி, இரண்டு வாரம் விடுங்கள். நீல மணி வெளிறி இளஞ்சிவப்பானால் எடுத்துச் சூடாக்கி மறுபடி போடலாம். வெயிலில் கேசட்டை வைக்காதீர்கள். சித்திரை வெயிலில் மூடிய காருக்குள் விட்டாலே டேப் சுருங்கி நெளிந்துவிடும், அந்த நெளிவு படத்தில் திரும்பச் சரியாகாது. அரிசிப் பானைக்குள் புதைப்பதும் வேண்டாம். தவிட்டுத் தூசி உள்ளே போகும்.

காய்ந்த பிறகு சுத்தம் செய்ய, நாலு பக்கமும் திறந்த திண்ணைதான் நல்ல இடம். என்95 முகக்கவசம், கையுறை கட்டாயம். ஆஸ்துமா உள்ளவர்கள் இந்த வேலைக்கு வரவே கூடாது. கேசட்டைக் கவிழ்த்தால் 5 ஸ்குரூ இருக்கும். கழற்றிய பின் நிமிர்த்தி, கேசட்டின் மேல் பாதிப் பிளாஸ்டிக் ஓட்டை மெதுவாக நேராகத் தூக்குங்கள். உள்ளே இரண்டு சுற்று, சின்ன ஸ்பிரிங்குகள், பிரேக் கொக்கிகள் இருக்கும். எதையும் தொடுமுன் செல்போனில் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். டேப் எந்த உருளைக்கு முன்னால் போகிறது, எதற்குப் பின்னால் போகிறது என்பது அரை மணி நேரம் கழித்து நிச்சயம் மறந்துபோகும். சுற்றின் விளிம்பில் தெரியும் பொடியை மென்மையான வறண்ட தூரிகையால் வெளிப்பக்கமாகத் தள்ளி எடுங்கள். பிறகு 99 சதவீத ஐசோபுரொபைல் ஆல்கஹாலில் லேசாக நனைத்த, நூல் பிரியாத மைக்ரோஃபைபர் துணிக்கு நடுவே டேப்பை விட்டு, ஒரு சுற்றிலிருந்து மற்றதுக்குக் கையால் சுற்றுங்கள். துணி கறுத்தால் மடிப்பை மாற்றுங்கள். மருந்துக் கடையில் கிடைப்பது பெரும்பாலும் 70 சதவீதம். மீதி தண்ணீர், அது ஆகாது. செல்போன் சர்வீஸ் சாமான் விற்கிற கடைகளில் ‘ஐ.பி.ஏ.’ என்று கேட்டால் சுத்தமானது கிடைக்கும். மூன்று மணி நேர கேசட்டில் டேப் சுமார் 258 மீட்டர். அவசரப்பட்டால் ஓரம் மடியும். டேப்பின் கீழ் ஓரத்தில்தான் ஓட்டத்தைக் கட்டுப்படுத்தும் தடம் இருக்கிறது, மேல் ஓரத்தில் ஒலி. ஓரம் மடிந்தால் முதலில் போவது இவை இரண்டும்தான்.

ஓடு உடைந்திருந்தாலோ, எலி கடித்திருந்தாலோ, ஸ்குரூ போட்ட புது கேசட் ஒன்றின் ஓட்டுக்குள் இரண்டு சுற்றையும் அப்படியே தூக்கி மாற்றலாம். டேப் அறுந்திருந்தால் கசங்கிய பகுதியை மட்டும் வெட்டி, ஸ்பிளைசிங் டேப் கொண்டு ஒட்டுங்கள். ஒட்டுவது கேசட்டின் உட்புறம் பார்க்கும் பக்கத்தில். வெளிப்புறம் பார்ப்பதுதான் பதிவுப் பக்கம். சாதாரண செலோடேப் கூடவே கூடாது. அதன் பசை கசிந்து ஹெட்டில் ஒட்டும். ஒரு நொடிக்கு ஓடுவது 2.3 செ.மீ. டேப்தான், ஒரு விரற்கடை போனால் ஒரு நொடி போயிற்று என்று கணக்கு வைத்து வெட்டுங்கள்.

2018 நவம்பரில் கஜா புயலில் நனைந்து, அப்படியே காய்ந்துபோன கேசட்டுகள் வேதாரண்யம், முத்துப்பேட்டைப் பக்கம் நிறைய உண்டு. சேறும் உப்பும் சேர்ந்து சுற்றுகளை ஒட்டவைத்திருக்கும். இழுத்துப் பிரிக்க முயன்றால் பூச்சு உரிந்து வரும். இவற்றை வீட்டில் முயலாமல் தனியாக எடுத்து வையுங்கள். இனிமேல் நனைகிற கேசட்டைக் காயவிடக் கூடாது: ஓட்டைக் கழற்றி, டிஸ்டில்டு வாட்டரில் அலசி சேற்றையும் உப்பையும் போக்கி, பிறகு மின்விசிறிக் காற்றில், சூடில்லாமல் உலர்த்த வேண்டும்.

மெஷின்

நான்கு ஹெட் உள்ள வி.சி.ஆர். தேடுங்கள். டேப்பை மிச்சப்படுத்த எல்.பி. என்ற பாதி வேகத்தில் பதிந்த கேசட்டுகள் இரண்டு ஹெட் மெஷினில் சரியாக வராது. பழைய டிவி மெக்கானிக்குகளிடம் இன்னும் இருக்கின்றன. வாங்கும்போது மூடியைத் திறந்து ரப்பர் பெல்ட்டைத் தொட்டுப் பாருங்கள். தார் மாதிரி கையில் ஒட்டினால் மாற்ற வேண்டும். அழுத்து உருளையின் ரப்பர் வழவழவென்று பளபளத்தால் டேப் வழுக்கும். வழுக்கினால் சுருதி அலையும். வீணையின் நீண்ட கார்வை நடுங்குகிறதே என்று வாசித்தவரைக் குறை சொல்லாதீர்கள், அந்த ரப்பரைத் துடையுங்கள்.

ஹெட்டைச் சுத்தம் செய்யும் முறை தெரியாமல் போன மெஷின்கள்தான் அதிகம். மெஷினுக்குள் சுழலும் பெரிய உலோக உருளையின் விளிம்பில் உள்ள ஹெட் நுனி நகத்தின் ஓரத்தைவிடச் சிறியது. பஞ்சுக் குச்சியால் தேய்த்தால் பஞ்சு சிக்கி நுனி முறியும். ஆல்கஹாலில் நனைத்த மெல்லிய சாமாய் தோலையோ, நூல் பிரியாத காகிதத் துணியையோ உருளையின் பக்கவாட்டில் தட்டையாக வைத்து அசையாமல் பிடித்துக்கொண்டு, உருளையை மேலிருந்து கையால் மெல்லச் சுழற்றுங்கள். துணியை மேலும் கீழும் நகர்த்தவே கூடாது. பத்து நிமிடம் உலரவிட்ட பிறகுதான் மின்சாரம்.

குளிர்சாதன அறையிலிருந்து கேசட்டை எடுத்துவந்த உடனே ஓட்டாதீர்கள். நம் ஊர்க் காற்றில் ஈரம் படியும், டேப் உருளையில் ஒட்டிக்கொள்ளும். மெஷின் இருக்கும் அறையிலேயே ஒரு நாள் வைத்திருங்கள். பூஞ்சை இல்லாத கேசட்டை முதலில் கடைசிவரை ஓட்டி, திரும்பவும் சுற்றுங்கள். வருஷக்கணக்கில் இறுகிய சுற்று அப்போதுதான் ஒரே இழுவையில் அமரும்.

கணினிக்கு எடுத்தல்

நம் ஒளிபரப்பு ‘பால்’ (PAL) முறை: 625 வரி, நொடிக்கு 25 படம், ஒவ்வொரு படமும் இரண்டு பாதியாக, ஆக 50 பாதிப் படம். அமெரிக்காவிலிருந்து சொந்தக்காரர்கள் அனுப்பிய கேசட் என்.டி.எஸ்.சி. முறையில் இருக்கும், ‘பால்’ மட்டும் தெரிந்த மெஷினில் படம் உருளும், நிறம் வராது. கேசட் கெட்டுவிட்டது என்று தூக்கிப் போடாமல், இரண்டு முறையும் ஓடும் மெஷினில் போட்டுப் பாருங்கள்.

வி.சி.ஆரிலிருந்து, படத்தைக் கணினிக்குள் எடுக்கும் கேப்சர் கருவிக்கு எஸ்-வீடியோ கேபிள் இருந்தால் அது, இல்லாவிட்டால் மஞ்சள் பின். நடுவில் டைம் பேஸ் கரெக்டர் ஒன்று இருந்தால் பாதித் தொல்லை ஒழியும். பழைய டேப்பில் வரிகள் சமமான நேரத்தில் வராது; தூண்கள் வளைந்து நெளியும், கேப்சர் கருவி குழம்பிப் படங்களைத் தவறவிடும். கரெக்டர் விலை அதிகம். கிடைக்காதவர்கள் பழைய டிவிடி ரெக்கார்டர் ஒன்றின் வழியாகப் படத்தை உள்ளே விட்டு வெளியே எடுக்கலாம். பல மாடல்களில் உள்ளேயே ஓரளவு சரிசெய்யும் வசதி உண்டு. மிக மலிவான யு.எஸ்.பி. கருவிகளில் ஒரே பெயரில் பல சில்லுகள் வருகின்றன. வாங்கியதும் அரை மணி நேரம் சோதித்து, தவறிய படங்களின் எண்ணிக்கை ஏறிக்கொண்டே போனால் திருப்பிக் கொடுங்கள்.

மென்பொருளுக்கு விர்ச்சுவல்டப் போதும், இலவசம். 720 × 576, நொடிக்கு 25, தரம் இழக்காமல் சுருக்கும் ஹஃப்ஒய்யுவி அல்லது எஃப்எஃப்வி1, ஒலி 48 கிலோஹெர்ட்ஸ் பிசிஎம். சுருக்காமல் எடுத்தால் மணிக்கு ஏறக்குறைய 75 ஜிபி. ஹஃப்ஒய்யுவியில் 30 முதல் 40 ஜிபி. மூன்று மணி நேரக் கேசட்டுக்கு 120 ஜிபி காலி இடம் வைத்துக்கொள்ளுங்கள். வட்டு என்.டி.எஃப்.எஸ். முறையில் இருக்க வேண்டும். பழைய ஃபாட்32 என்றால் 4 ஜிபியில் கோப்பு நின்றுவிடும். வைஃபை, வைரஸ் தடுப்பு, அப்டேட் எல்லாவற்றையும் நிறுத்திவிட்டுத் தொடங்குங்கள். எல்லாப் பிளக்கையும் ஒரே யு.பி.எஸ்.ஸில் செருகுங்கள். வெவ்வேறு பிளக் பாயின்டில் இருந்தால் படத்தில் பட்டை ஒன்று மெதுவாக மேலேறும், ஒலியில் 50 ஹெர்ட்ஸ் இரைச்சல் கேட்கும். கேபிள் டிவி வயர் வி.சி.ஆரில் மாட்டியிருந்தால் கழற்றுங்கள். இரைச்சல் பெரும்பாலும் அதிலிருந்துதான் வருகிறது.

ஓட்டம் தொடங்கியதும் டிராக்கிங்கை (டேப்பின் தடத்தோடு ஹெட் பொருந்துவதை) சரிசெய்யுங்கள். ஒரே கேசட்டில் இரண்டு மெஷினில் பதிந்த பகுதிகள் இருந்தால் மாறுகிற இடத்தில் மறுபடி சரிசெய்ய வேண்டியிருக்கும். படத்தின் அடியில் சில வரிகள் கிழிந்து தெரிவது ஹெட் மாறும் இடம். எல்லா வி.எச்.எஸ். கேசட்டிலும் அது உண்டு, தொடவேண்டாம்.

வெளிச்ச அளவைப் பார்க்காமல் எடுக்காதீர்கள். கச்சேரி மேடையில் வெள்ளை வேட்டி, திருநீறு, குத்துவிளக்கு மூன்றும் ஒரே படத்தில் இருக்கும். அளவு கூடினால் வேட்டியின் மடிப்பு முழுக்க மறைந்து வெறும் வெள்ளைத் திட்டாகிவிடும். பிறகு எந்த மென்பொருளும் அந்த மடிப்பைத் திருப்பித் தராது. விர்ச்சுவல்டப்பில் ஹிஸ்டோகிராமைத் திறந்து, வேட்டியின் மடிப்பு தெரிகிற அளவுக்குப் பிரகாசத்தைக் குறைத்துவிட்டு எடுங்கள். ஒலியிலும் அப்படியே. அறிவிப்பாளர் பேசும்போது அளவு வைத்தால், தவில் தனி ஆவர்த்தனத்தில் வெடித்துவிடும். முதலில் தவில் வரும் இடத்துக்கு ஓடி, உச்சம் மைனஸ் 6 டெசிபெல்லைத் தாண்டாமல் வைத்துவிட்டுத் திரும்பி வாருங்கள்.

எடுத்த மூலக் கோப்பில் கைவைக்கக் கூடாது. பார்ப்பதற்குத் தனிப் பிரதி செய்யுங்கள். அதில் இரண்டு இடத்தில் தவறு நடக்கிறது.

ஒன்று, பாதிப் படங்களை இணைக்கும் விதம். பல மென்பொருள்கள் 50 பாதிப் படத்தை 25 முழுப் படமாக்கிவிடும். பேச்சு நிகழ்ச்சிக்குப் பரவாயில்லை. பரதநாட்டியத்தில் மூன்றாம் காலத்தில், அதாவது மிக வேகத்தில், நாட்டடவு போகும்போது குதிகால் தரையில் படும் கணம் அந்தப் பாதிகளில் ஒன்றில்தான் இருக்கிறது. மிருதங்கத்தின் சாப்பு விழும் விரலும் அப்படியே. 25 ஆக்கினால் அந்த அசைவில் பாதி போயிற்று, தாளத்தோடு பார்ப்பவருக்கு ஏதோ தட்டுகிறது. ஹேண்ட்பிரேக் மென்பொருளில் டிஇன்டர்லேஸ் (பாதிகளை இணைக்கும்) பகுதியில் ‘பாப்’ தேர்ந்து, வெளிவரும் கோப்பு நொடிக்கு 50 படம் என்று காட்டுகிறதா என்று பாருங்கள். கைகால் முன்னும் பின்னும் குதித்தால் பாதிகளின் வரிசை தலைகீழாக இருக்கிறது. ‘மேல் பாதி முதலில்’ என்று மாற்றுங்கள். அகலம் 4:3-தான். அகலத் திரை நிறையவேண்டும் என்று இழுத்தால் முழங்காலை மடித்து நிற்கும் அரைமண்டியின் வடிவமே கெட்டுப்போகும். இரு பக்கமும் கறுப்புப் பட்டை இருக்கட்டும்.

இன்னொன்று, இரைச்சல் நீக்கம். இந்த மென்பொருள்கள் மாறாமல் தொடரும் ஒலியை இரைச்சல் என்று கொள்கின்றன. கச்சேரியில் மாறாமல் தொடர்வது எது? தம்பூரா. நாதஸ்வரக் கச்சேரியில் சுருதிக்காக ஊதும் ஒத்து. பொத்தானை அழுத்தினால் முதலில் சுருதி போகும். பாட்டு வெறும் வெளியில் தொங்கும். இரைச்சல் மாதிரி எடுக்க வேண்டுமென்றால் தம்பூரா தொடங்குமுன் உள்ள டேப் இரைச்சலை மட்டும் எடுத்து, 6 டெசிபெல்லுக்கு மேல் குறைக்காமல் விடுங்கள். சந்தேகம் இருந்தால் இரைச்சலோடேயே இருக்கட்டும்.

யார், எந்த வருஷம், எந்த ஊர்

இந்த வேலையில் பாதி இதுதான். பெயர் தெரியாத கச்சேரி, அடுத்த தலைமுறைக்கு வெறும் பழைய வீடியோ.

வருஷத்துக்கு முதல் எல்லைக்கோடுகள்: இந்தியாவில் தொலைக்காட்சி 1959 செப்டம்பர் 15-இல் தில்லியில் சோதனையாகத் தொடங்கியது, 1961-இல் பள்ளிப் பாட நிகழ்ச்சிகள் சேர்ந்தன. சென்னை நிலையம் 1975 ஆகஸ்ட் 15-இல் வந்தது. அதே மாதம் தொடங்கிய, 2,400 கிராமங்களுக்கான செயற்கைக்கோள் கல்வித் தொலைக்காட்சித் திட்டம் ஆறு மாநிலங்களில் நடந்தது. தமிழ்நாடு அதில் இல்லை. நிறமும் தேசிய நிகழ்ச்சியும் 1982-இல் வந்தன. பல்கலைக்கழக மானியக் குழுவின் உயர்கல்வி நிகழ்ச்சி 1984 ஆகஸ்ட் 15 முதல். டெல்டாவில் பதிந்த கேசட் என்றால் ஏறக்குறைய எல்லாமே 1980-களின் நடுவிலிருந்துதான். அதற்கு முன் சென்னை ஒளிபரப்புக் கோபுரம் இங்கே எட்டாது. நாகை, வேதாரண்யம் கரையில் உயரமான ஆன்டெனா வைத்திருந்தவர்கள் 1982-இல் தொடங்கிய இலங்கையின் ரூபவாகினியைப் பார்த்தார்கள். ஆகவே அந்தப் பக்கத்துக் கேசட்டில் சிங்கள அறிவிப்போ, இலங்கைத் தமிழோ கேட்டால் வியப்பில்லை. மூலையில் இருக்கும் சின்னத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். கறுப்பு வெள்ளைப் படம் மட்டும் வைத்து 1982-க்கு முந்தியது என்று எழுதிவிடாதீர்கள். பழைய நிகழ்ச்சி மறு ஒளிபரப்பாகவும் இருக்கலாம், பதிந்தவருடைய மெஷினில் நிறம் வராமலும் இருந்திருக்கலாம்.

திருவையாறு ஆராதனை என்றால் வருஷம் கண்டுபிடிப்பது எளிது. மேடைத் துணியில் எத்தனையாவது ஆராதனை என்று எழுதியிருப்பார்கள். தியாகராஜர் சித்தியடைந்தது 1847 ஜனவரியில். அந்த எண்ணோடு 1847-ஐக் கூட்டுங்கள். 177-ஆவது என்றால் 2024; 150 என்றால் 1997. துணி தெரியும் காட்சி ஓரிரு நொடிதான் வரும், அதில் நிறுத்திப் படமாக எடுத்து வையுங்கள். கேசட் நடுவில் தொடங்கினால், தியாகராஜரின் ஐந்து கீர்த்தனைகளான பஞ்சரத்தினத்தில் எந்த இடம் என்பதை ராகமே சொல்லும்: நாட்டை, கௌளை, ஆரபி, வராளி, ஸ்ரீ என்ற வரிசை மாறாது. ஆரபியிலிருந்து தொடங்கினால் முன்னால் இரண்டு கீர்த்தனை பதிவாகவில்லை என்று குறிப்பில் எழுதுங்கள்.

நாதஸ்வரத்தில் வாத்தியத்தையே பாருங்கள், கேளுங்கள். நரசிங்கம்பேட்டை ரங்கநாதன் ஆசாரி, நாதஸ்வர வித்துவான் ராஜரத்தினம் பிள்ளைக்காக வடிவமைத்த நீண்ட பாரி நாயனம் இரண்டு, இரண்டரைக் கட்டைச் சுருதியில் பேசும். பழைய திமிரி குட்டையானது, நாலு கட்டைக்கு மேல். தொலைக்காட்சிக் காலத்தில் பெரும்பாலும் பாரிதான். திமிரி வாசித்திருந்தால் அது அரிய பதிவு, கேசட்டின் மேலேயே எழுதிவிடுங்கள். பின்னால் ஒத்து ஊதுகிறவர் இருக்கிறாரா, சுருதிப் பெட்டியா என்பதையும் குறிக்க வேண்டும். சில வீடுகளில் ‘ராஜரத்தினம் பிள்ளை - டிவி’ என்று எழுதிய கேசட்டை மிகுந்த மரியாதையோடு எடுத்துத் தருவார்கள். அவர் காலமானது 1956. இந்தியத் தொலைக்காட்சிக்கு மூன்று வருஷம் முன்பு. அது அவர் நடித்த படத்தின் துண்டாகவோ, அவரைப் பற்றிய நிகழ்ச்சியில் இசைத்தட்டோடு காட்டிய புகைப்படமாகவோ, வேறொருவர் வாசிப்பாகவோ இருக்கும். எப்படியும் எடுத்து வைக்க வேண்டியதுதான், தலைப்பு மட்டும் மாற வேண்டும்.

‘தெருக்கூத்து’ என்று எழுதிய கேசட்டில் வசனம் தெலுங்கில் கேட்கிறதா? பெண் வேடத்தில் ஆண்களா? மெலட்டூர் பாகவத மேளம் என்ற நாட்டிய நாடகமாக இருக்கலாம். நரசிம்ம ஜெயந்தியை ஒட்டி நடப்பது. சாலியமங்கலத்திலும் அந்த மரபு உண்டு, ஆகவே ஊரை உறுதி செய்யாமல் எழுதாதீர்கள். சுவாமிமலை வார்ப்பு, தஞ்சாவூர் வீணை, பொய்க்கால் குதிரை பற்றிய நிகழ்ச்சிகளில் பட்டறையின் பின்சுவர், கருவி, கூலியாள் பேச்சு எல்லாமே தகவல்தான். கேமரா கையைக் காட்டும் நேரத்தை நிமிடம், நொடியோடு குறியுங்கள்.

ஆட்களை அடையாளம் காண, அந்தந்த ஊர்ப் பெரியவர்களிடம் பார்வைப் பிரதியைப் போட்டுக் காட்டுங்கள். “பெரியப்பா, இது இன்னார்தானே?” என்று கேட்டால் பாதிப் பேர் ஆமாம் என்றுதான் சொல்வார்கள். “இது யாருன்னு தெரியுதா பெரியப்பா?” என்று மட்டும் கேட்டுவிட்டு வாயை மூடிக்கொள்ள வேண்டும். இரண்டு பேர் தனித்தனியாக ஒரே பெயரைச் சொன்னால் ‘உறுதி’ என்றும், ஒருவர் மட்டும் சொன்னால் ‘இன்னார் சொன்னபடி’ என்றும் எழுதுங்கள். முன்வரிசைக் கலைஞரை எல்லோரும் சொல்வார்கள். பின்னால் தாளம் போடுகிறவர், ஒத்து ஊதுகிறவர், நட்டுவாங்கத்தில் இருப்பவர் யார் என்று கேட்க மறக்காதீர்கள். அந்தப் பெயர்கள் வேறெங்கும் எழுதப்பட்டிருக்காது.

ஊரில் பத்துப் பேரைக் கூட்டிப் போடும்போது மூன்று மணி நேரத்தையும் ஓட்டவேண்டாம். ஒரு நிகழ்ச்சி, இருபது நிமிடம், பிறகு நிறுத்திப் பேச்சு. தில்லியில் தொடக்க காலத்தில் தொலைக்காட்சி மன்றங்கள் அமைத்து, பார்த்த பிறகு கூடிப் பேசவைத்ததும் இதே முறைதான். நிறுத்தினால்தான் பெயர்கள் வெளிவரும். பேச்சைச் செல்போனில் பதிந்துகொள்ள முதலிலேயே அனுமதி கேளுங்கள்.

இணையத்தில் போடுமுன் சட்டம். 1957 பதிப்புரிமைச் சட்டப்படி ஒளிபரப்பு நிறுவனத்தின் உரிமை, ஒளிபரப்பான வருஷத்துக்கு அடுத்த வருஷத் தொடக்கத்திலிருந்து 25 ஆண்டு. கலைஞரின் உரிமை 50 ஆண்டு. நிகழ்ச்சிக்குள் இருக்கும் பாட்டுக்கும் எழுத்துக்கும் தனி உரிமை இருக்கலாம். 1986 கேசட்டில் ஒளிபரப்பு உரிமை முடிந்திருந்தாலும் கலைஞருடையது முடியவில்லை என்றே கொள்ளுங்கள். குடும்பத்தாரைத் தேடி, எழுத்தில் சம்மதம் வாங்குங்கள். ஒரு பிரதியும் கொடுங்கள்.

வைத்திருப்பது

கேசட்டுக்கு ஒரு எண். அதே எண் கோப்புக்கும் குறிப்புத் தாளுக்கும். மூன்று பிரதி: இரண்டு வெவ்வேறு வட்டில் வீட்டில், ஒன்று வேறு ஊரில். கடற்கரை ஊர்க்காரர்கள் அந்த மூன்றாவதைத் திருச்சிப் பக்கம் உள்ள உறவினர் வீட்டில் வைப்பது நல்லது. புயல் ஒரே தெருவில் உள்ள இரண்டு வீட்டையும் சேர்த்துத்தான் அடிக்கும். ஒவ்வொரு கோப்புக்கும் எஸ்.எச்.ஏ.-256 சரிபார்ப்பு எண் (கோப்பு சிறிது கெட்டாலும் இது மாறிவிடும்) எடுத்துக் குறிப்பில் சேருங்கள்.

எடுத்து முடித்த கேசட்டைத் தூக்கிப் போடாதீர்கள். நாளை இதைவிட நல்ல மெஷின் கிடைக்கலாம். ஒரு முனைவரை முழுக்கச் சுற்றி, புத்தகம் போல நிற்கவைத்து, சிலிக்கா ஜெல் டப்பாவில், தரையிலிருந்து மூன்றடி உயரத்தில், ஸ்பீக்கர், மோட்டார், இன்வெர்ட்டர் அருகில் இல்லாமல் வையுங்கள். அந்துருண்டை போடவேண்டாம், அதன் ஆவி பிளாஸ்டிக்குக்கு ஆகாது.

வருஷா வருஷம் புரட்டாசிக்குள், மழை தொடங்குமுன், எல்லா வட்டையும் இயக்கிச் சரிபார்ப்பு எண்ணை ஒத்துப் பாருங்கள். ஒரு பிரதியில் எண் மாறியிருந்தால் அந்தக் கோப்பை அழித்து, மாறாத பிரதியிலிருந்து மறுபடி எடுங்கள். சிலிக்கா ஜெல்லையும் அதே நாளில் மாற்றுங்கள். ஐந்து வருஷமான வட்டுக்குப் பதில் புதிது வாங்கிக்கொண்டு, பழையதை நான்காவது பிரதியாக வைத்துக்கொள்ளலாம்.